கன்ட்ரோல் பாத்தி

அங்கமுத்து ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு பேசாமல் இருந்தார்.

துப்பறிவாளரான அவருக்குப் பேசாமல் இருப்பதுதான் தொழில். எதிரே இருப்பவர் அந்த அமைதியைத் தாங்க மாட்டாமல் எதையாவது உளறுவார். அதில் பாதி வழக்கு முடிந்துவிடும். மீதிப் பாதியை உதவியாளர் இனியா முடிப்பாள். எடப்பாடிக்காரி. விசைத்தறிச் சத்தத்தை மீறிப் பேசி வளர்ந்தவள். அவளுக்கு வாயை மூடத் தெரியாது, அவருக்குத் திறக்கத் தெரியாது என்பதால் இருவரின் கூட்டுத் தொழில் குறையில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

இன்றைக்கு எதிரே இருந்தது மண். அதுவும் பேசாமல் இருந்தது. நம்மைவிடப் பெரிய ஆளிடம் வந்து மாட்டிக்கொண்டோமோ என்று அங்கமுத்துவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“சார் மண்ணுகிட்ட வாக்குமூலம் வாங்கிட்டிருக்கறாரு. கொஞ்சம் நேரமாகும். நீங்க எங்கிட்டச் சொல்லுங்க மேடம்,” என்றாள் இனியா.

மேடம் என்பது ஜெயப்பிரியா. கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லித்தருபவள். அழுது முடித்துவிட்டு வந்தவளா, அழுவதற்கு முன்னால் வந்தவளா என்று சொல்ல முடியாத முகம். அவர்கள் நின்றிருந்தது திருச்செங்கோட்டுக்கு வெளியே, சண்முகவேலின் ரிக்கு வண்டிப் பட்டறைக்குப் பின்புறம். பட்டறையின் முன்புறத்தில், ஏதோ ஒரு ஊரில் ஆழ்துளைக் கிணறு தோண்டிவிட்டு வந்த வண்டி ஒன்றைக் கழற்றிப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இருவது வருசமா வண்டி ரிப்பேர் பாத்த எடமுங்க இது. டீசலு, கிரீசு, வேஸ்ட் ஆயிலு எல்லாம் எறங்கி மண்ணே கறுத்துப்போச்சு. மழ பேஞ்சா அந்தக் கெணத்துத் தண்ணி மேல ஏடு கட்டுது.” வேலிக்கு அப்பால் தென்னைகளுக்கு நடுவே இருந்த கிணற்றைக் காட்டினாள். “எண்ணெயத் திங்கற பாக்டீரியா இருக்குதுங்க. அத வளத்து, பூந்திக்கொட்டைச் சாறோட மண்ணுல கலந்தோம். சாறு சோப்பு மாதிரி நொரைச்சு எண்ணெயக் கரைச்சுக் குடுக்கும். பாக்டீரியா திங்கும். தெம்புக்குத் தெனமும் வெல்லத் தண்ணி ஊத்தறோம்.”

“எண்ணெய்ப் பலகாரம். மேல வெல்லப் பானகம். எங்க ஊட்டு மாப்பிள்ளைக்குக்கூட இந்த மரியாதை இல்லீங்க,” என்றாள் இனியா. “கொலஸ்ட்ரால் வராதுங்களா?”

“வராதுங்க,” என்றாள் ஜெயப்பிரியா. நகைச்சுவையைக் கண்டுகொள்ளும் நிலையில் அவள் இல்லை.

இரண்டு பாத்திகள் அருகருகே இருந்தன. முதல் பாத்தியில் ‘மருந்து’ என்று சிறு பலகை. இரண்டாவதில் ‘கன்ட்ரோல்’ என்று பலகை.

“கன்ட்ரோல்ன்னா ஒண்ணுமே போடாத பாத்தி. ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. அது கறுப்பாவே கெடந்தாத்தான் இது வெளுத்ததுக்கு அர்த்தம்.”

அங்கமுத்து இரண்டையும் பார்த்தார். மருந்துப் பாத்தி அரைமனதாகக் கறுப்பு குறைந்து, பசை விடாமல் கிடந்தது. கன்ட்ரோல் பாத்தி செம்மண் நிறத்துக்குத் திரும்பி, பொலபொலவென்று, இப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போல இருந்தது.

“ராசா மாதிரி கவனிச்சது நோஞ்சானாக் கெடக்குது. பட்டினி போட்டது பளபளன்னு இருக்குது,” என்றாள் இனியா.

“அதுதானுங்க கேசு!” ஜெயப்பிரியாவின் குரல் உடைந்தது. “மூணு மணிக்கு ஆராய்ச்சிக் குழு வருது. இதப் பாத்தா என்ன சொல்லுவாங்க? பாக்டீரியாவே வேண்டாம், சும்மா உட்டாலே மண்ணு தானா சுத்தமாயிருதுன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. திட்டம் அதோட முடிஞ்சுது. அப்புறம் கான்கிரீட்டுத்தான். பாருங்க, ஜல்லிகூட எறக்கியாச்சு.”

வாசலருகே ஜல்லிக் குவியல் இருந்தது. அதன் மேல் ஒரு ஆள் நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். மூங்கில் கழிக்குச் சட்டை மாட்டியது போன்ற உருவம்.

“நவநீதகிருஷ்ணன். கான்கிரீட் கான்ட்ராக்டரு. மேல தளம் போட்டுட்டா பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். உள்ள இருக்கற எண்ணெய் கெணத்தப் பாத்து எறங்கிக்கிட்டேதான் இருக்கும். அந்தாளுதான் வேற மண்ணக் கொண்டாந்து மாத்திட்டாரு. எனக்கு நிச்சயமாத் தெரியும்.”

அங்கமுத்து வாயைத் திறந்தார். இனியாவும் ஜெயப்பிரியாவும் அவரையே பார்த்தார்கள். அவர் கொட்டாவி விட்டுவிட்டு மறுபடி குனிந்தார்.

பாத்தியின் ஓரத்தில், பலகையின் நிழலில், நகக்கண் அளவுக்கு ஏதோ பச்சையாகத் தெரிந்தது. மூன்று இலை கொண்ட குட்டிச் செடி. பக்கத்தில் இன்னொன்று. தள்ளிப் பார்த்தால் ஒரு கூட்டமே இருந்தது. அவர் ஒன்றைக் கிள்ளி இனியாவிடம் நீட்டினார்.

“தின்னு பாருன்னு சொல்றீங்களா? ஏனுங் சார், விஷமா இருந்தா?”

அங்கமுத்து அதையும் யோசித்துப் பார்ப்பது போல வானத்தைப் பார்த்தார்.

இனியா இலையை நாக்கில் வைத்துவிட்டு உடனே துப்பினாள். “கசக்குது. வெந்தயக் கீரை!”

“எண்ணெய் மண்ணுல புல்லுகூட மொளைக்காதே,” என்றாள் ஜெயப்பிரியா.

“இப்ப மொளைக்குது,” என்றார் அங்கமுத்து. அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான். “வெந்தயம் தானா நடந்து வராது.”

“மண்ண மாத்த வர்ற கான்ட்ராக்டர் கையோட வெந்தயமும் கொண்டாருவாருங்களா? கலவையில சிமெண்டு ஒண்ணு, மணலு ரெண்டு, வெந்தயம் அரைன்னு?” என்றாள் இனியா.

அங்கமுத்து அதற்குள் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துப் பாத்தியின் தலைமாட்டில் வெல்லத் தண்ணீர்க் குடம் இருந்தது. தினமும் மாலையில் வெல்லத்தைக் கரைத்து வைத்துவிட்டுப் போவாள் ஜெயப்பிரியா. மறுநாள் உச்சிப் பொழுதில் வந்து ஊற்றுவாள். குடத்தடியிலிருந்து எறும்புகள் சாரை சாரையாகப் புறப்பட்டு, பாத்திப் பக்கம் போகாமல் நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தன.

அவர் ஒரு விரலைக் குடத்தில் விட்டு நக்கினார். முகம் மாறவில்லை. அவர் முகம் எதற்கும் மாறாது என்பதால் இனியாவும் விட்டு நக்கினாள்.

“மேடம், இது வெல்லத் தண்ணி இல்லீங்க. வெல்லத்தக் கேள்விப்பட்ட தண்ணி.”

“நான் கெட்டியாத்தான் கரைச்சு வெச்சேன்! குடமும் தளும்ப இருக்குதே.”

“யாரோ குடிச்சுட்டு, கொறஞ்சது தெரியாம இருக்கப் பச்சத் தண்ணிய ஊத்தி நெரப்பியிருக்காங்க. பால்காரர் புத்தி. பாவம், உங்க பாக்டீரியா இத்தன நாளாப் பத்தியச் சாப்பாடுதான் சாப்பிட்டிருக்குது.”

எறும்பு வரிசையின் பின்னால் மூவரும் நடந்தார்கள். துப்பறியும் தொழிலில் அங்கமுத்து கார்களைத் துரத்தியிருக்கிறார். ஒருமுறை எருமையைக்கூடத் துரத்தியிருக்கிறார். ஆனால் துரத்தப்படுபவர்கள் இவ்வளவு மெதுவாகப் போனது கிடையாது. ஒரு இடத்தில் எறும்புகள் செத்த வண்டு ஒன்றுக்காக நின்றுவிட்டதால் இவர்களும் நிற்க வேண்டியதாயிற்று.

“முன்னால கொஞ்சம் நகருங்கப்பா,” என்றாள் இனியா.

வரிசை மூலையில் நின்ற பழைய ரிக்கு லாரியில் ஏறியது. சக்கரம் இல்லாமல் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த வண்டி. இனியா கதவைத் திறந்தாள். உள்ளே, டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு சொம்பு. அடியில் வெல்லப் பிசுக்கு. பக்கத்தில் மூடி போட்ட சிறு தூக்குப்போசி. அதன் உட்புறம் முழுக்கக் கரும்பச்சையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மூடியில் இரண்டு வெந்தயம்.

இனியா போசியை மூக்கருகே கொண்டுபோனதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “பாவக்காய், வேப்பங்கொழுந்து, ஆவாரம்பூ, வெந்தயம். சார், இதக் குடிக்கறவன் கொலகாரனா இருந்தாலும் மன்னிச்சு உட்றலாம்.”

“இனிப்பு இங்க வந்திருக்கு,” என்றார் அங்கமுத்து மெல்ல. “கசப்பு அங்க போயிருக்கு.”

“பண்டமாத்து!” என்றாள் இனியா.

அவர் சீட்டைக் காட்டினார். நடுவில் அது பள்ளமாக அமுங்கிக் கிடந்தது. ஒரு ஆட்டுக்குட்டி தாராளமாகச் சுருண்டு படுக்கலாம். இனியா அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். திரும்பி, ஜல்லிக் குவியலின் மேல் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்த நவநீதகிருஷ்ணனைப் பார்த்தாள்.

“அந்தாளு பத்து வருசம் தொடர்ந்து உக்காந்தாலும் இந்தப் பள்ளம் விழாதுங்க மேடம்,” என்றாள்.

அந்த நேரத்தில்தான் பட்டறை ஓனர் சண்முகவேல் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவர் வயிறு வந்தது. “ஏனுங்க, துப்பு எதாச்சும் சிக்குச்சுங்களா? சித்த நெழலுக்கு வாங்க. டீ சொல்றனுங்க. எனக்குச் சக்கரை வேண்டாம், நான் சக்கரையே தொடறதில்லீங்க.” எறும்பு ஒன்று அவர் சட்டைக் காலரில் ஏறி உள்ளே போனது. அவர் நெளிந்தார்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. உண்ணாமலை இறங்கினார். சண்முகவேலின் மனைவி. ஒரு கையில் சாப்பாட்டுக் கூடை, மறு கையில் ஒரு தூக்குப்போசி. லாரியில் கிடந்ததைப் போலவே இருந்தது. அவரைக் கண்டதும் பட்டறையில் சுத்தியல் சத்தம் கொஞ்சம் மரியாதையாகக் குறைந்தது.

“ஏனுங்க, காலைல குடுத்துட்டுப் போன கன்ட்ரோலக் குடிச்சீங்களா?”

“குடிச்சுப்போட்டேன் புள்ள. ஒரு சொட்டு மிச்சமில்ல.”

“மத்தியானக் கன்ட்ரோலு இதுல இருக்குது, ஆறுனப்புறம் ஊறவெச்ச வெந்தயத்தயும் போட்டிருக்கறேன். டாக்டரு போன மாசம் சக்கரை ஏறிப்போச்சுன்னாரு. இத்தன கன்ட்ரோலு குடிச்சும் எப்படித்தான் ஏறுதுன்னே தெரியல, என்ன கெரகமோ.” போசியைக் கொடுத்துவிட்டுப் பட்டறை ஆட்களுக்கு மோர் ஊற்றப் போனார்.

அங்கமுத்து அசையாமல் நின்றார். மனதுக்குள் ஒரு சொல் மெல்ல உருண்டு வந்து, இன்னொரு சொல்லின் மேல் சரியாக உட்கார்ந்தது. இந்த வீட்டில் கன்ட்ரோல் என்பது சர்க்கரையை அடக்கக் குடிக்கும் கஷாயம். பாத்தியின் பலகை நினைவுக்கு வந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துப் பழக்கமில்லாததால் இருமினார்.

இனியாவின் காதில் ஏதோ சொன்னார். அவள் கண்கள் விரிந்தன. பிறகு தறிக்கூடத்துக் குரலில் கத்தினாள்.

“ஏனுங் மேடம், நேத்துப் பொழுதோட வெல்லத் தண்ணியில பேதி மருந்து கலந்தீங்களே, பாக்டீரியாவுக்கு வயிறு சுத்தம் பண்ண! இன்னேரம் வேலை செஞ்சிருக்குமுங்களா?”

“பாக்டீரியாவுக்கு வயிறே கெடையா…” என்று தொடங்கிய ஜெயப்பிரியாவின் காலை இனியா மிதித்தாள்.

சண்முகவேலின் முகம் வெளுத்தது. கை வயிற்றுக்குப் போனது. “எந்த… எந்த மருந்துங்க?”

“மாட்டு டாக்டரு குடுத்ததுங்க.”

“ஐயோ!” அவர் வயிறு, இல்லாத மருந்துக்கு உண்மையாகவே பதில் சொன்னது. சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் பட்டறைக் கழிப்பறையை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். அங்கமுத்து வழியில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சும்மா பார்த்தார். சண்முகவேல் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், அந்த அமைதியின் நடுவே ஒரு லாரியளவு மனிதர் மெதுவாக உடைந்தார்.

“நாந்தானுங்க. வெல்லத் தண்ணிய நாந்தான் குடிச்சேன். ஊட்டுல இனிப்புன்னு பேச்சே எடுக்க முடியாதுங்க. இங்க வந்து பாத்தா ஒரு குடம் பானகம் அனாதையா நிக்குது. கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு எதுக்குங்க ஒரு குடம்?”

“மருந்து ஒண்ணும் கலக்கலீங்க. சும்மா சொன்னேன்,” என்றாள் இனியா.

அவர் வயிறு உடனே அமைதியானது. முகத்தில் மட்டும் அமைதி வரவில்லை.

“கஷாயத்த ஏனுங்க அந்தப் பாத்தியில ஊத்துனீங்க?” என்று கேட்டாள் ஜெயப்பிரியா.

“நீங்கதானுங்களே டீச்சர் பலகை வெச்சீங்க! கன்ட்ரோல்ன்னு எழுதியிருந்துச்சு. கன்ட்ரோல இங்க ஊத்தோணும்னு நெனச்சுக்கிட்டேன். எங்கூட்டுக்காரிதான் உங்ககிட்டச் சொல்லி ஏற்பாடு பண்ணியிருக்கறாளோ, மிச்சமானா வீணாகாம இருக்கட்டும்னு.” மருந்துப் பாத்தியைக் கைகாட்டினார். “அப்புறம் பாருங்க, பக்கத்துப் பாத்திக்கு மட்டும் தெனமும் விருந்து. இதுக்கு ஒண்ணுமே இல்ல. பந்தியில உக்கார வெச்சு எலை போடாம உடலாமுங்களா? மனசு கேக்கலீங்க.”

“மனசு கேக்காதவரு வெல்லத்துல கொஞ்சம் ஊத்தியிருக்கலாமே?” என்றாள் இனியா.

“அது எனக்கே பத்தலீங்க,” என்றார் சண்முகவேல், மிக நேர்மையாக.

ஜெயப்பிரியா கன்ட்ரோல் பாத்தியருகே போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மண்ணை உதிர்த்தாள். வெந்தயச் செடிகளைத் தொட்டாள். தனக்குள் பேசிக்கொள்வது போலச் சொன்னாள்.

“இருவது வருசமா எண்ணெயிலயே கெடந்த மண்ணு. எண்ணெய் திங்கற நுண்ணுயிர் இதுக்குள்ளயே கொஞ்சம் இருந்திருக்கும். ஆகாரம் இல்லாம, ஈரம் இல்லாம முடங்கியிருக்கும். கஷாயம் போனதும் முழிச்சுக்கிச்சு. வெந்தயத்துலயும் பாவக்காயிலயும் நொரைக்கற சத்து இருக்குது, பூந்திக்கொட்டை மாதிரியே. எண்ணெயக் கரைச்சிருக்கும்…” நிமிர்ந்தாள். “ஒருவேளை இது தோல்வி இல்லீங்க. வேற ஒண்ணு.”

“அப்ப நல்லதாப் போச்சு!” என்றார் சண்முகவேல். “நான் மட்டும் இதுல வேண்டாமுங்க. உண்ணாமலைக்குத் தெரிஞ்சா என்ர கதி அவ்வளவுதான். கஷாயம் தானா வந்து விழுந்துச்சுன்னு எழுதிக்கோங்க.”

“அப்படி எழுத முடியாதுங்க. யாரு ஊத்துனா, எவ்வளவு ஊத்துனான்னு சாட்சி இல்லாம நான் சொன்னா, நானே ஊத்திட்டுக் கதை கட்டறேன்னுதான் நெனைப்பாங்க.”

“டீச்சர், கும்பிட்டுக் கேட்டுக்கறேன், சொல்லிப்போடாதீங்க.”

ஜெயப்பிரியா அவரையே பார்த்தாள். பட்டறையில் இடம் கொடுத்தவர். “சரிங்க. சொல்லல,” என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் குழு வந்தது. தலைவர் சுகன்யா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இரண்டு பாத்திகளையும் பார்த்தார். மறுபடி பார்த்தார். பின்னால் நவநீதகிருஷ்ணன் அளவு நாடாவை இழுத்துவிட்டுச் சுருட்டிக்கொண்டிருந்தார். மோர்ச் சட்டியோடு உண்ணாமலையும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

“ஒண்ணும் போடாத பாத்திதான் தேறியிருக்குது. இதுக்கு என்ன விளக்கம் சொல்றீங்க?”

ஜெயப்பிரியா மருந்துப் பாத்தியைப் பார்த்துச் சொன்னாள். “விளக்கம் இல்லீங்க மேடம். பரிசோதனை… தோத்துப்போச்சு.”

அங்கமுத்து சண்முகவேலைப் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால், தென்னைகளுக்கு நடுவே இருந்த கிணற்றைப் பார்த்தார். அவர் எங்கே பார்க்கிறார் என்று சண்முகவேலும் பார்த்தார். அங்கே ஒருத்தி வாளித் தண்ணீரின் மேல் மிதந்ததைக் கையால் ஒதுக்கிவிட்டுக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரும் பேசவில்லை. தொலைவில் கம்ப்ரசர் ஒன்று மூச்சு வாங்கியது. அங்கமுத்து தம் வாழ்நாளில் எத்தனையோ மௌனங்களைக் கையாண்டிருக்கிறார். இது அவர் செய்ததல்ல. தானாகவே வந்து நின்றது.

“தோக்கலீங்க!” சண்முகவேல் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார். “கஷாயம் ஊத்துனது நானு! ரெண்டு மாசமா, தெனம் ரெண்டு போசி! டீச்சரு பானகத்தக் குடிச்சதும் நானு! உண்ணாமல, அடிக்கறதுன்னா ஊட்டுக்குப் போயி அடி!”

சுகன்யா கண்ணாடியைக் கழற்றினார். நவநீதகிருஷ்ணனின் நாடா பட்டென்று சுருண்டது. உண்ணாமலை மோர்ச் சட்டியைக் கீழே வைத்தார். மெதுவாகப் பாத்தியருகே வந்தார். குனிந்து மண்ணைத் தொட்டார்.

“டீச்சர், பொய் சொல்லாதீங்க. நெசமாலுமே என்ர கஷாயத்துலதான் இப்படி ஆச்சுங்களா?”

“பெரும்பாலும் அப்படித்தானுங்க. திரும்பச் செஞ்சு பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்.”

உண்ணாமலையின் கண்கள் கலங்கின. “ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இந்த மனுசன் என்ர கஷாயத்த நல்லாருக்குதுன்னு சொன்னதில்லீங்க. மண்ணு சொல்லியிருக்குது பாருங்க.”

சுகன்யா குழுவினரோடு தாழ்ந்த குரலில் பேசிவிட்டுத் திரும்பினார். இப்போதைக்கு இதை முடிவு என்று எழுத முடியாது, ஆனால் விட்டுவிடவும் முடியாது என்றார். இன்னும் மூன்று மாதம். மூன்று பாத்தி. ஒன்றில் பாக்டீரியாவும், யாரும் குடிக்காத வெல்லத் தண்ணீரும். ஒன்றில் கஷாயம். மூன்றாவதில் ஒன்றுமே கூடாது, ஒரு சொட்டுக்கூட. நவநீதகிருஷ்ணன் பெருமூச்சு விட்டுவிட்டு, ஜல்லியை ஏற்றிப்போக யாருக்கோ போன் போட்டார். ஜெயப்பிரியா இனியாவைக் கட்டிக்கொண்டாள். பாத்திக்கு ஒரு அண்டா கஷாயம் தினமும் தருவதாக உண்ணாமலை சொன்னதும் சண்முகவேலின் முகம் மலர்ந்தது.

“அப்ப எனக்கு மிச்சமிருக்காதில்ல?”

“உங்களுக்குத் தனியா ரெண்டு போசி. என்ர கண்ணு முன்னால.”

“அந்த மூணாவது பாத்திக்கு யாருங்க காவலு?” என்று கேட்டார் சுகன்யா. “மறுபடி யாராவது எரக்கப்பட்டு எதையாவது ஊத்திட்டா எல்லாம் வீணாப்போயிரும்.”

உண்ணாமலை பட்டறையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்தார். மூன்றாவது பாத்திக்கென்று ஒதுக்கிய வறண்ட மண்ணுக்கும் புருஷனுக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தார். மத்தியானப் போசியைத் திறந்து அவரிடம் நீட்டினார். சண்முகவேல் மூக்கைப் பிடித்துக்கொண்டு, குழு முழுவதும் பார்த்திருக்க, கடைசிச் சொட்டு வரை குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சுகன்யாவே தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏனுங்கம்மா,” என்றாள் இனியா, “பாக்கப் பாவமா இல்லீங்களா?”

உண்ணாமலை வறண்ட பாத்தியையும் பார்த்தார், வாயைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷனையும் பார்த்தார்.

“பாவம் பாத்தா ரெண்டும் தேறாது அம்மிணி.”